பச்சை குத்திய கைக்கு வேலை இல்லையா?

புது தில்லி: முன்கையின் உட்புறத்தில் பச்சை குத்தியிருக்கும் இளைஞர் ஒருவர் மத்திய ஆயுதக் காவல் படைகளில் சேர விரும்புகிறார். பச்சை இடது கையில் இருந்தால் தடையில்லை. வலது கையில் இருந்தால் அவர் தகுதியற்றவர். வலது கை, மேலதிகாரிக்கும் தேசியக் கொடிக்கும் வணக்கம் செலுத்தும் கை என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம்.

இந்திய ராணுவத்தின் விதியில் இந்த இடம், வலம் என்ற பாகுபாடு இல்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முன்கையின் உட்புறத்திலும், புறங்கையிலும் பச்சை இருக்கலாம் என்கிறது அந்த விதி. ஆகவே, எல்லையில் ராணுவ வீரராக நிற்பதற்குத் தகுதியுள்ள அதே இளைஞர், அதே பச்சையின் காரணமாக, எல்லைப் பாதுகாப்புப் படையின் காவலராக நிற்பதற்குத் தகுதியற்றவராகிவிடுகிறார். இரண்டுமே ஒரே மத்திய அரசின் விதிகள். ஒன்று பாதுகாப்பு அமைச்சகத்துக்கு உட்பட்டது. மற்றொன்று உள்துறை அமைச்சகம் வகுத்தது.

பச்சையும் வேலைவாய்ப்பும் என்றதும், புருவத்தில் வளையமும் கழுத்தில் சித்திரமுமாகக் குர்காவ்ன், பெங்களூரு நிறுவனங்களின் நேர்காணலுக்குச் செல்லும் நகர்ப்புற இளைஞர்களைப் பற்றியே ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதிவருகின்றன. அந்தப் பிரச்னையும் உண்மைதான். ஆனால், இந்த விஷயத்தில் நீதிமன்றப் படியேறுகிறவர்கள் அவர்கள் அல்லர். காவலர் வேலைக்காக இரண்டு, மூன்று ஆண்டுகள் ஓடிப் பழகியும் கணக்குப் போட்டும் தயாரான கிராமத்து இளைஞர்களே அங்கு நிற்கிறார்கள். தில்லி முகர்ஜி நகரின் பயிற்சி மையங்களில் அடைந்துகிடந்து படிக்கும் ஆயிரக்கணக்கானோருக்கு இது நாகரிகம் பற்றிய விவாதம் அல்ல; வயிற்றுப்பாடு.

விதி சொல்வது என்ன?

மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கான மருத்துவப் பரிசோதனை வழிகாட்டு நெறிகளில் பச்சையைப் பற்றி மூன்று அம்சங்கள் கூறப்பட்டுள்ளன: என்ன குத்தப்பட்டிருக்கிறது, எங்கே, எந்த அளவில்.

முதல் அம்சம் விநோதமானது. இந்தியா மதச்சார்பற்ற நாடு என்பதால் மக்களின் மத உணர்வுகள் மதிக்கப்பட வேண்டும். எனவே மதச் சின்னங்கள், மத உருவங்கள், பெயர் ஆகியவற்றைப் பச்சை குத்தியிருப்பதை அனுமதிக்கலாம் என்கிறது விதி. மதச்சார்பின்மையிலிருந்து மதச் சின்னத்துக்கான சலுகையைத் தருவித்திருக்கும் தர்க்கம் ஒருபுறம் இருக்கட்டும். அம்பேத்கரின் உருவத்தையோ பெரியாரின் உருவத்தையோ கையில் குத்திக்கொண்டவர் எந்த வகையில் அடங்குவார்? அது மதச் சின்னமும் அல்ல, பெயரும் அல்ல. விதி மௌனம் சாதிக்கிறது. முடிவு மருத்துவக் குழுவின் கையில்.

இரண்டாவது அம்சம் இடம். மரபாகப் பச்சை குத்தப்படும் இடங்களில், அதாவது முன்கையின் உட்புறத்தில் இருக்கலாம். ஆனால் வணக்கம் செலுத்தாத இடது முன்கையில் மட்டுமே இருக்க வேண்டும். புறங்கைகளிலும் இருக்கலாம் என்பது இதன் சாரம். இதைக் கூறும் ஆங்கில வாக்கியம் தெளிவாக இல்லை. ‘இடது மட்டும்’ என்ற கட்டுப்பாடு முன்கையோடு நின்றுவிடுகிறதா, புறங்கைக்கும் பொருந்துமா என்பதை இரு விதமாகவும் வாசிக்க இடமிருக்கிறது. லட்சக்கணக்கானோரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் வாக்கியத்தை இன்னும் சற்றுக் கவனமாக எழுதியிருக்கலாம்.

மூன்றாவது அம்சம் அளவு. கையின் அந்தப் பகுதியில் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். கால் பங்கை எப்படி அளப்பது என்று விதி கூறவில்லை.

ராணுவத்தின் விதி வேறொரு விதத்தில் யோசிக்கவைக்கிறது. முன்கையின் உட்புறம், புறங்கை தவிர, உடலின் வேறு எந்தப் பகுதியிலும் நிரந்தரப் பச்சை இருக்கக் கூடாது. இருந்தால் தேர்விலிருந்து விலக்கப்படுவார்கள் என்கிறது அது. மார்பிலோ முதுகிலோ தோளிலோ சட்டைக்குள் மறைந்திருக்கும் பச்சைக்குத் தடை. எல்லோர் கண்ணிலும் படும் புறங்கைப் பச்சைக்கு அனுமதி. தனியார் அலுவலகங்களின் எழுதப்படாத விதி இதற்கு நேர் எதிரானது: மறைந்திருந்தால் கவலையில்லை, வெளியே தெரிந்தால் ஆபத்து. ‘கண்ணியமான தோற்றம்’ என்பதற்கு இந்த நாட்டில் ஒரே பொருள் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ராணுவம் ஒரு விலக்கு அளித்திருக்கிறது. தங்கள் வழக்கப்படியும் மரபுப்படியும் முகத்திலோ உடலிலோ பச்சை குத்தியிருக்கும் பழங்குடியினர், ஒவ்வொருவராகப் பரிசீலிக்கப்பட்டு அனுமதிக்கப்படலாம். இது நியாயமான விலக்கு. ஆனால், இந்த விலக்கின் எல்லை எங்கே முடிகிறது என்பதில் சிக்கல் இருக்கிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

கடைசிப் படியில் சறுக்கல்

வட மாநிலங்களின் கிராமங்களில் மேளா எனப்படும் திருவிழாச் சந்தைகளில், மின்கலத்தில் இயங்கும் சிறு கருவியுடன் உட்கார்ந்திருக்கும் பச்சை குத்துபவரைக் காணலாம். ‘ஓம்’, திரிசூலம், ‘மா’, அனுமன், சொந்தப் பெயரின் முதல் எழுத்து. பெரும்பாலும் பத்து முதல் பதினைந்து வயதுக்குள், நண்பர்களின் உந்துதலாலோ தாய் தந்தையின் பக்தியாலோ இது நடந்துவிடுகிறது. எந்தக் கையை நீட்டுவது என்று அந்த வயதில் உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகளைப் படித்துவிட்டு யாரும் முடிவு செய்வதில்லை.

நம் ஊரிலும் நிலைமை அதிகம் மாறுபட்டதல்ல. கோயில் திருவிழாக்களில் பச்சை குத்தும் பெண்களையும் முன்கையில் கோலமாய் விரிந்த பாட்டிமார்களின் பச்சையையும் அறியாத தமிழர் குறைவு. தம் கட்சித் தொண்டர்கள் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று 1970களில் எம்.ஜி.ஆர். கேட்டுக்கொண்டதும், அது கட்சிக்குள் எழுப்பிய சலசலப்பும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

காவலர் தேர்வின் வரிசையைக் கவனித்தால் வேதனை புரியும். முதலில் கணினிவழித் தேர்வு. அடுத்து உடல் அளவீடுகளும் ஓட்டமும். மருத்துவப் பரிசோதனை அதற்கும் பிறகுதான். 2024 செப்டம்பரில் பணியாளர் தேர்வாணையம் வெளியிட்ட அறிவிக்கை 39,481 காவலர் இடங்களுக்கானது. விண்ணப்பங்கள் பல லட்சம். அத்தனை பேரையும் தாண்டி வந்தவர், சட்டையைக் கழற்றி நிற்கும் நாளில்தான், பதின்மூன்றாவது வயதில் வாங்கிய ஒரு அங்குலப் பச்சை தம் வேலையைப் பறித்துவிட்டதை அறிகிறார். விதி அறிவிக்கையில் அச்சிடப்பட்டிருக்கிறது என்பது உண்மைதான். பல பக்கங்கள் கொண்ட அறிவிக்கையின் மருத்துவப் பகுதிவரை வாசிப்பவர்கள் எத்தனை பேர்?

அதன் பிறகு தொடங்குகிறது அகற்றும் படலம். லேசர் கதிர், தோலுக்கடியில் உள்ள மையைச் சிறு துகள்களாக உடைக்கிறது. உடைந்த துகள்களை உடல் மெல்ல வெளியேற்றுகிறது. இதற்குப் பல அமர்வுகள் தேவை. ஒவ்வொரு அமர்வுக்கும் இடையே பல வாரங்கள் இடைவெளி வேண்டும். மேல்முறையீட்டு மருத்துவப் பரிசோதனைக்கோ அவ்வளவு அவகாசம் கிடைப்பதில்லை. எனவே, பச்சை உள்ள தோலையே அறுத்தெடுத்துத் தையல் போட்டுக்கொள்வோரும் இருக்கிறார்கள். திராவகத்தைத் தடவிக்கொள்ளும் கொடுமைகளும் நடக்கின்றன. வலிமையான உடலுள்ள இளைஞர், தகுதி பெறுவதற்காகத் தம் கையைத் தாமே புண்ணாக்கிக்கொள்ள நேர்வது எந்தப் படையின் நலனுக்காக என்று தெரியவில்லை.

நீதிமன்றங்களில்

இந்த வழக்குகளில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. விமானப்படை வீரராகத் தேர்வு செய்யப்பட்ட ஒருவரின் நியமனம், முன்கையின் வெளிப்புறத்தில் பச்சை இருந்ததால் ரத்து செய்யப்பட்டது. பச்சை இருந்தால் அதன் புகைப்படத்தை அளிக்க வேண்டும் என்று விளம்பரத்திலேயே கூறியிருந்தும் அவர் அளிக்கவில்லை என்பதையும், பழங்குடியினருக்கான விலக்கு அவருக்குப் பொருந்தாது என்பதையும் கணக்கில் கொண்டு, 2017-ல் தில்லி உயர் நீதிமன்றம் விமானப்படையின் முடிவை உறுதி செய்தது.

அதே ஆண்டில், மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையில் வலது முன்கையில் இருந்த மதச் சின்னப் பச்சைக்காக நிராகரிக்கப்பட்ட மகாராஷ்டிர இளைஞருக்கு மும்பை உயர் நீதிமன்றம் நிவாரணம் அளித்தது. பச்சையின் பெரும்பகுதியை அவர் ஏற்கெனவே அகற்றியிருந்தார். மதப் பச்சைகளை ராணுவம் ஏற்கும்போது இந்தப் படை மட்டும் ஏற்க மறுப்பது ஏன் என்பதே அங்கு எழுந்த கேள்வி.

2022 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், வலது கையில் மதப் பச்சை குத்தியிருந்தவர் அதை லேசர் மூலம் அகற்றிவிடத் தயார் என்றார். இரண்டு வாரங்களுக்குப் பிறகு புதிய மருத்துவக் குழுவின் முன் ஆஜராக நீதிமன்றம் வாய்ப்பளித்தது. நிவாரணம்தான், எனினும், பச்சையை அகற்றினால் தகுதி உண்டு என்ற அளவில் விதியின் அடித்தளம் கேள்விக்கு உள்ளாகவில்லை.

2024-ல் வந்த வழக்கு இன்னும் விசித்திரமானது. தில்லி போலீஸ் காவலர் தேர்வில் வலது முன்கைப் பச்சைக்காக நிராகரிக்கப்பட்டவர், அறுவைச் சிகிச்சை மூலம் அதை அகற்றிக்கொண்டார். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனது பணியாளர் தேர்வாணையம். நீதிபதிகள் அந்தக் கையைத் தாங்களே பார்த்தார்கள். வெறும் கண்ணுக்குப் பச்சை புலப்படவில்லை என்று கூறி மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். ஒரு காவலரின் முன்கையில் மங்கிய மை மிச்சமிருக்கிறதா என்று உயர் நீதிமன்ற அமர்வு உற்றுப் பார்க்க வேண்டிய நிலைக்கு விஷயத்தைக் கொண்டுபோனது அரசுதான்.

சீருடைப் படைகள் தோற்ற ஒழுங்கை வகுத்துக்கொள்ளலாம் என்பதில் ஐயமில்லை. விமானப்படையில் தாடி வளர்ப்பதற்கான தடையை உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உறுதி செய்தபோது, ஒருமைத் தோற்றமும் ஒழுக்கமும் படைக்கு அவசியம் என்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால், அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவு வேறொன்றையும் கேட்கிறது. அரசு மக்களை வகை பிரிக்கும்போது, அந்தப் பிரிவினைக்கும் அதன் நோக்கத்துக்கும் இடையே ஏற்கத்தக்க தொடர்பு இருக்க வேண்டும். சாதியை இழிவு செய்யும், வெறுப்பைத் தூண்டும், ஆபாசமான, குற்றக் கும்பலின் அடையாளமான பச்சையைத் தடுப்பதில் அத்தகைய தொடர்பு இருக்கிறது. வலது முன்கையில் ‘அம்மா’ என்று எழுதியிருப்பவரைத் தடுப்பதில் என்ன தொடர்பு? முழுக்கைச் சீருடை அணிந்தால் மறைந்துபோகிற மைக்கும் மரியாதை வணக்கத்தின் தூய்மைக்கும் இடையே உள்ள உறவை எந்த மருத்துவ நூலும் விளக்காது. இது மருத்துவப் பரிசோதனையில் ஏன் இடம்பெற்றது என்பதே ஒரு கேள்விதான்.

யார் குத்திய பச்சை?

இந்த நாட்டில் பச்சைக்கும் அரசு அதிகாரத்துக்கும் உள்ள உறவு பழையது. வடக்கே ‘கோத்னா’ எனப்படும் பச்சையை, கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி தண்டனையாகவே பயன்படுத்தியது. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் கடும் தண்டனை பெற்ற கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் முறை சட்டமாக்கப்பட்டது. 1849-ல்தான் அது ஒழிந்தது.

ஒழிந்துவிட்டது என்று ஏட்டில் எழுதலாம். 1993 டிசம்பரில், சுதந்திர இந்தியாவின் அமிருதசரஸில், பிடிபட்ட நான்கு பெண்களின் நெற்றியில் ‘ஜேப்கத்ரி’, அதாவது பிக்பாக்கெட்காரி என்று போலீஸார் பச்சை குத்தினார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் அப்போதுதான் பிறந்திருந்தது. அது கையிலெடுத்த தொடக்க கால விவகாரங்களில் இதுவும் ஒன்று. 2016-ல், 23 ஆண்டுகள் கழித்து, பாட்டியாலாவில் உள்ள சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் சம்பந்தப்பட்ட போலீஸ் அதிகாரிகளுக்குச் சிறைத் தண்டனை விதித்தது. பச்சை குத்தியவர்களைத் தன் வரிசையில் சேர்க்கத் தயங்கும் காவல்துறை, பிறர் நெற்றியில் பச்சை குத்தத் தயங்கவில்லை.

பச்சையால் வேலை கிடைக்காமல்போவதும் புதிதல்ல. அருணாசலப் பிரதேசத்தின் ஜீரோ பள்ளத்தாக்கில் வாழும் அபதானி இனத்தின் மூதாட்டிகளை, முகத்தில் கோடுகளாகப் பச்சையும் மூக்கின் இருபுறமும் பெரிய மர அடைப்புகளுமாக இன்றும் காணலாம். அடுத்த தலைமுறையில் அந்த வழக்கம் இல்லை. படிப்புக்கும் வேலைக்கும் வெளியே சென்ற இளைஞர்கள் ஏளனத்துக்கு ஆளானதால், 1970களில் அந்த இனத்தின் இளைஞர் அமைப்பே முன்நின்று அதை நிறுத்தியது. யாரும் சட்டம் போடவில்லை. வெளியுலகின் பார்வையே சட்டமாயிற்று.

சத்தீஸ்கரின் ராம்நாமிகளின் கதை இதைவிடக் கூர்மையானது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கோயிலுக்குள் நுழைய மறுக்கப்பட்ட தலித் மக்களிடையே உருவான இயக்கம் அது. ஆலயம் எங்களுக்கு இல்லையென்றால் எங்கள் உடலே ஆலயம் என்பதுபோல், ‘ராம்’ என்ற பெயரை முகம் உட்பட உடல் முழுவதும் பச்சை குத்திக்கொண்டார்கள். இன்று வேலை தேடி நகரங்களுக்குச் செல்லும் அவர்களது இளைய தலைமுறை, ஒன்றிரண்டு இடங்களோடு நிறுத்திக்கொள்கிறது. பலர் குத்திக்கொள்வதே இல்லை.

முன்னர் குறிப்பிட்ட விலக்கின் சிக்கல் இங்குதான் வருகிறது. ராணுவத்தின் விலக்கு பழங்குடியினருக்கு உரியது. ராம்நாமிகள் அட்டவணைச் சாதியினர். நூற்றாண்டைத் தாண்டிய மரபு, மத உணர்வு, சமூக எதிர்ப்பின் நினைவு எல்லாம் அந்த முகத்தில் எழுதப்பட்டிருந்தும், விதியின் சொற்களுக்குள் அவர்கள் வரமாட்டார்கள். உள்துறை அமைச்சகத்தின் விதிப்படி அது மதப் பெயர் என்பதால் உள்ளடக்கத்தில் தேறும். இடத்திலும் அளவிலும் தேறாது.

மூக்குத்தியின் கணக்கு

உடலில் துளையிட்டு அணிவதில் இந்திய அளவுகோல் மேற்கத்திய அளவுகோலுக்கு முற்றிலும் மாறானது. மேலைநாட்டு அலுவலகங்களில் மூக்குத்தி கலகத்தின் அடையாளமாகப் பார்க்கப்பட்ட காலத்தில், இங்கு தலைமை ஆசிரியையும் மருத்துவரும் நாடாளுமன்ற உறுப்பினரும் அதை அணிந்தே பணியாற்றினர். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் வைர மூக்குத்தியைப் பார்த்து யாரும் தொழில்முறைத் தோற்றம் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால், அதே மூக்குத்தி உதட்டுக்கோ புருவத்துக்கோ இடம்பெயர்ந்தால், அல்லது ஆணின் காதுக்குப் போனால், நேர்காணல் மேசையின் மறுபுறத்தில் பார்வை மாறுகிறது. ராஜஸ்தானக் கிராமத்து ஆண்களும் நம் தென்மாவட்டத்துப் பெரியவர்களும் அணிந்த கடுக்கன், நகர அலுவலகத்தில் நுழையும்போது மட்டும் அநாகரிகமாகிவிடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கேள்வி நாட்டின் உச்ச நீதிபீடம் வரை சென்றது. டர்பன் நகரப் பள்ளி ஒன்றில், தென்னிந்திய வம்சாவளி மாணவி மூக்குத்தி அணிந்ததை நிர்வாகம் தடுத்தது. 2007-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் மாணவியின் பக்கம் நின்றது. மூக்குத்தி மதத்தின் கட்டாயக் கடமை அல்ல என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. கட்டாயமில்லாமல் மனமுவந்து பின்பற்றும் பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்பதே தீர்ப்பின் சிறப்பு. நம் விதிகள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. மதமா, பழங்குடியா என்று கேட்கின்றன. இரண்டும் இல்லையென்றால் தனிமனித விருப்பத்துக்கு அவற்றில் இடமில்லை.

நீட் தேர்வு மையங்களின் வாசலில் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றிப் பெற்றோரிடம் கொடுத்த மாணவிகளைத் தமிழகம் மறந்திருக்காது. அங்கு காரணம் முறைகேட்டுத் தடுப்பு, தோற்றம் அல்ல. அதைத் தனியாகவே விவாதிக்க வேண்டும்.

தனியார் துறையில் தடை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் விமானச் சேவைகளில்தான். சீருடையில் இருக்கும்போது பச்சை வெளியே தெரியக் கூடாது என்று விமானப் பணிப்பெண், பணியாளர் தேர்வுக்கான விளம்பரங்களிலேயே கூறிவிடுகிறார்கள். டாடா குழுமத்தின் கைக்கு மாறிய பின், ஏர் இந்தியா 2022-ல் வெளியிட்ட ஒப்பனை விதிகள் நெற்றிப் பொட்டின் விட்டத்தைக்கூட 0.5 செ.மீ. என்று வரையறுத்தன. கடுமைதான், ஆனால் முன்கூட்டியே தெரிகிற விதி. வங்கிகளிலும் சட்ட நிறுவனங்களிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் நிலைமை வேறு. அங்கு எழுதப்பட்ட விதி இருப்பது அரிது. ‘வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்’ என்ற ஒரு வரிக் கடிதம் போதும். காரணம் பச்சையா, பதிலா என்பது விண்ணப்பித்தவருக்குத் தெரியவே தெரியாது.

தெரிந்தாலும் செய்வதற்கு அதிகமில்லை. அரசியல் சட்டத்தின் சமவாய்ப்பு உரிமை அரசு வேலைக்கு உரியது. மாற்றுத்திறனாளிகள், எச்.ஐ.வி. பாதிப்புள்ளோர், திருநங்கையர் ஆகியோருக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் 2016, 2017, 2019-ம் ஆண்டுச் சட்டங்கள் தனியார் நிறுவனங்களையும் தொடுகின்றன. எல்லா வகைப் பாகுபாட்டையும் தடுக்கும் பொதுச் சட்டம் இல்லை. அத்தகைய சட்டத்துக்காகச் சசி தரூர் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவும், பெரும்பாலான தனிநபர் மசோதாக்களின் வழியே போயிற்று.

சல்லடை

பணியில் சேர்ந்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. 2024 ஏப்ரலில், புவனேசுவரத்தில் முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பான சிறப்புப் பாதுகாப்புப் படைப்பிரிவில், சீருடையில் வெளியே தெரியும் பச்சைகளை 15 நாள்களுக்குள் அகற்ற வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. பதினைந்து நாளில் லேசர் எவ்வளவு அகற்றும் என்று உத்தரவிட்டவர் எந்த மருத்துவரையாவது கேட்டாரா என்பது தெரியவில்லை.

அமெரிக்க ராணுவம் 2022-ல் தன் விதியைத் தளர்த்தியது. கைகளிலும் பின்கழுத்திலும் சிறு பச்சைகளை அனுமதித்தது. பெருந்தன்மை அல்ல காரணம், ஆள் கிடைக்கவில்லை. நம் நாட்டில் ஓர் இடத்துக்குப் பல பேர் முண்டியடிக்கிறார்கள். ஆகவே, நிராகரிப்பதற்கு ஒரு காரணம் கூடுதலாகக் கிடைத்தால் நிர்வாகத்துக்குச் சுமை குறைகிறது. இந்த விதி உண்மையில் செய்யும் வேலை அதுவே என்று தோன்றுகிறது: மரியாதை வணக்கத்தைக் காப்பதல்ல, கூட்டத்தைச் சலிப்பது.

விந்தை என்னவென்றால், அடையாளக் குறி இல்லாத குடிமகனை அரசு நம்புவதும் இல்லை. தமிழகப் பள்ளிகளின் மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் என்று ஒரு பத்தி உண்டு. மச்சத்தையும் தழும்பையும் தேடி எழுதியாக வேண்டும். இயற்கை இட்ட குறி அடையாளம். தானே இட்டுக்கொண்ட குறி தகுதியிழப்பு.

மாற்றம் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. ராணுவம், ஆயுதக் காவல் படைகள், தில்லி போலீஸ் அனைத்துக்கும் ஒரே விதி. எந்தக் கை என்பதை விட்டுவிட்டு, என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்கும் விதி. பதினெட்டு வயதுக்கு முன் குத்தப்பட்ட பச்சைக்குச் சலுகை. விண்ணப்பிக்கும் நாளிலேயே பச்சையின் புகைப்படத்தைப் பெற்று, தேறுமா தேறாதா என்று அப்போதே சொல்லிவிடும் ஏற்பாடு. கடைசியாகக் கூறியது விமானப்படையின் நடைமுறைக்கு நெருக்கமானது; புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இதில் தமிழக இளைஞர்களுக்கு நேரடியான அக்கறை இருக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படைத் தேர்வை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நடத்துவதை எதிர்த்து முதல்வர் மு.க.ஸ்டாலின் 2023 ஏப்ரலில் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அதே மாதத்தில், தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் காவலர் தேர்வு நடக்கும் என்று உள்துறை அமைச்சகம் அறிவித்தது. 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முதன்முறையாகத் தமிழில் தேர்வு எழுதினார்கள். வினாத்தாள் தமிழுக்கு வந்துவிட்டது. எந்தக் கையில் பச்சை இருக்கலாம் என்று கூறும் அறிவிக்கையோ இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வெளியாகிறது.